ஆன்போர்டிங்: ஆற்றுப்படுத்தலா, புகுமுகமா?

பொருள்: ஆன்போர்டிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் நிறுவனத்தில் இதுவரை எச்.ஆர்., அதாவது மனிதவளம், என்று தனித்துறை கிடையாது. சம்பளம், விடுப்பு எல்லாம் கணக்குப் பிரிவுதான் பார்த்தது. இப்போது துறை தொடங்கி என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். பணியாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். புதிதாகச் சேர்பவரை வரவேற்று வேலைக்குப் பழக்கும் 'ஆன்போர்டிங்' பகுதிக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை.

முதல் வாரம் பழைய கோப்புகளைப் புரட்டினேன். பாதிப் பேருக்கு நியமனக் கடித நகலே இல்லை. அதே வாரம் சேர்ந்த ஒரு பெண், உட்கார இடமும் கணினிக்குக் கடவுச்சொல்லும் இல்லாமல், பையை மடியில் வைத்தபடி மதியம் வரை வரவேற்பறையில் இருந்தார். அன்று அவருக்கு என்ன நடந்திருக்க வேண்டுமோ, அதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

பொருள்: மறு: ஆன்போர்டிங்குக்குத் தமிழில்

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊர், போகும் வழி, இடையில் கிடைக்கும் விருந்து எல்லாம் சொல்லி அனுப்புவான். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைதான், மலைபடுகடாமும் கூத்தராற்றுப்படையே. முன்பே சேர்ந்தவர் புதியவருக்கு வழிகாட்டுவது இதுதானே?

இலக்கணமும் ஒத்துவருகிறது. 'சேர்தல்' தன்வினை, புதியவர் செய்வது. 'படுத்தல்' பிறவினை, நிறுவனம் செய்ய வேண்டியது. ஆங்கிலச் சொல்லில் கப்பல் ஏறும் பொருள் இருப்பதால் சிலருக்குக் 'கலமேற்றல்' தோன்றும். கலம் பாத்திரமும் ஆகும், அணியும் ஆகும், ஓர் அளவும் ஆகும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பொருள்: மறு: மறு: ஆன்போர்டிங்குக்குத் தமிழில்

> சொல் நம்மிடமே இருக்கிறது

ஐயா, மன்னிக்க வேண்டும். இன்று ஆற்றுப்படுத்துநர் என்றால் கவுன்சிலிங் தருபவர். 'முதல் மூன்று மாதம் ஆற்றுப்படுத்தல்' என்று கையேட்டில் படித்தால் புதியவர் கலங்கிப்போவார். 'பணியேற்பு' என்று வையுங்கள், எல்லாருக்கும் புரியும். இல்லையென்றால் ஆன்போர்டிங் என்றே எழுதலாம். 'வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கிவிட்டு வடசொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று கடன்சொல்லுக்கு வழிவிட்டவர் தொல்காப்பியர்தானே?

பொருள்: மறு: மறு: ஆன்போர்டிங்குக்குத் தமிழில்

அந்த நூற்பா வடசொல்லுக்குச் சொன்னது. எதற்கும் அதை இழுப்பது எனக்கு உடன்பாடில்லை. பணியேற்பும் சரிவராது. கையெழுத்துப் போட்டதும் பணியேற்பு முடிந்துவிடும்.

என் பரிந்துரை 'புகுமுகம்'. புகுமுக வகுப்பு என்று முன்பே பழகிய சொல். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் 'புகுமுகம் புரிதல் பொறிநுதல் வியர்த்தல்' என்று வருகிறது. தலைவன் தன்னை நோக்கத் தலைவி விரும்புவதுதான் அங்கே புகுமுகம் புரிதல். அடுத்தது நெற்றி வியர்ப்பது. காதலைச் சொல்லும் களவியல் சொல் அலுவலகத்துக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். முதல் நாள் வருபவருக்கும் நெற்றி வியர்க்கிறது, யாராவது நிமிர்ந்து பார்க்க மாட்டார்களா என்று இருக்கிறது.

எச்.ஆர். என்றாலே எல்லாரும் 'இதனை இதனால் இவன்முடிக்கும்' குறளைச் சொல்வார்கள். அடுத்த குறளையும் பாருங்கள், 518: 'வினைக்குரிமை நாடிய பின்றை அவனை அதற்குரிய னாகச் செயல்'. ஆள் தேர்ந்த பிறகும் அவரை அந்தப் பணிக்கு உரியவராக்கும் வேலை மிச்சம் இருக்கிறது என்பதை வள்ளுவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

அப்புறம், 'மனிதவளம்' என்ற துறைப் பெயரையும் ஒருநாள் பேச வேண்டும். கனிமவளம், நீர்வளம் வரிசையில் மனிதரை வைப்பது எனக்கு உறுத்துகிறது. 'மாந்தவளம்' என்று மாற்றினாலும் உறுத்தல் போகாது.

பொருள்: மறு: ஆன்போர்டிங்குக்குத் தமிழில்

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் புகுமுகத்துக்கே ஆதரவு கூடுதல். தலைப்பு 'புகுமுகம்', முதல் வரியில் மட்டும் ஆன்போர்டிங் என்று ஒருமுறை. அதன் கீழே குறள் 518. இருக்கை, அடையாள அட்டை, கடவுச்சொல் மூன்றும் ஆள் வருவதற்கு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. முதல் வார முடிவில், முதல் மாதத்தில், மூன்றாம் மாதத்தில் நானே உட்கார்ந்து பேசுவேன்.

பொருள்: மறு: மறு: ஆன்போர்டிங்குக்குத் தமிழில்

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் புகுமுகம் வாசலோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதமும் புதியவர் பக்கத்தில் இருந்து வழி சொல்லப்போகும் மூத்த பணியாளருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?