கொய்யா மரத்தில் யாருக்கு எவ்வளவு விடுவது?

கேள்வி:
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கொய்யா மூன்றாம் ஆண்டாகக் காய்க்கிறது. அணில்களும் பறவைகளும் பங்குக்கு வருவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், ஒரு கீறலும் இல்லையே என்று மகிழ்ந்து நேற்று நான் வெட்டிய பழத்தின் சதை முழுவதும் குழைந்து, வெண்ணிறப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. மேற்கிளைப் பழங்களை இரவில் வௌவால்கள் கடித்துப் போடுகின்றன. மருந்து தெளிக்க மனம் வரவில்லை. மரம் முழுவதையும் வலையால் மூடிவிடலாமா? கடிபட்ட பழத்தில் நல்ல பகுதியை மட்டும் வெட்டி உண்ணலாமா?

மறுமொழி 1:
நீங்கள் கண்டவை பெரும்பாலும் பழ ஈயின் புழுக்களாகவே இருக்கும். பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால், ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளியைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. பழம் உதிர்ந்தபின் புழுக்கள் அதிலிருந்து வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈக்களாக அதே மரத்துக்கு வருகின்றன. ஆகவே, உதிர்ந்தவற்றைப் பூச்சிகள் தின்னட்டும் என்று மரத்தடியிலேயே விட்டுவைப்பதைத் தாராளம் என்று நான் சொல்லமாட்டேன். அது ஈக்குப் பண்ணை வைத்துக் கொடுப்பதாகும். அவற்றை நாள்தோறும் பொறுக்கி, நெகிழிப் பையில் இறுகக் கட்டிச் சில நாள்கள் கடும் வெயிலில் வைத்துவிட்டு, அதன் பிறகே எருக்குழியில் போடுங்கள். கைக்கு எட்டும் கிளைகளில், காய்கள் முதிரத் தொடங்கும் முன்பே காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிடுங்கள். மணத்தால் ஈக்களைக் கவர்ந்து பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும் என்பதால், அதை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை.

மறுமொழி 2:
தளர்வாகத் தொங்கும் வலை வேண்டவே வேண்டாம். நான் ஒரு முறை போட்ட வலையில் கொண்டைக்குருவி ஒன்று சிக்கி, உதற உதற நூல் அதன் கால்நகங்களிலும் இறகடியிலும் இறுகிப்போனதால், சிறு கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டி விடுவிக்க நெடுநேரம் ஆயிற்று. கட்டாயம் வலை தேவையென்றால், கண்ணளவு 5 மில்லிமீட்டருக்கு மிகாததைச் சட்டத்தின் மேல் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

வௌவால் கடித்த பழத்தை வெட்டியும் உண்ணக் கூடாது. பழந்தின்னி வௌவால்களின் எச்சிலில் நிபா போன்ற தீநுண்மிகள் (வைரஸ்கள்) இருக்கக்கூடும். அதற்காக அவற்றை விரட்டவும் வேண்டாம். பல மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதும், விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதும் அவைதான்.

மறுமொழி 3:
எல்லாப் புழுவும் ஈப்புழு அன்று. காயில் வட்டமான துளையும் அதன் வாயில் எச்சமும் இருந்தால், உள்ளே இருப்பது ஒரு நீலவண்ணப் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். குடைந்த காய் உதிர்ந்துவிடாதபடி அது காம்பைக் கிளையோடு இழைகளால் பிணைத்துக்கொள்ளும். அப்படி ஓரிரு காய்களை நான் மரத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். இதே புழு மாதுளையையும் குடைவதால், மாதுளை பயிரிட்டுப் பிழைப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தாழ்கிளைகளுக்குப் பை கட்டிவிட்டு, உச்சியை வருபவர்களுக்கே விட்டுவிடுகிறேன். இன்று காலை மரத்தடியில் பொறுக்கியதிலேயே ஒரு வாளி நிறைந்துவிட்டது.