மொறிஸ் மைனருக்கு எந்த எலக்ட்றிக் பெற்றோல் பம்ப் பொருந்தும்?

கொக்குவில் மைனர்:
வணக்கம். அப்பாவின் 1966 மொறிஸ் மைனர் 1000 இப்போது என் கையில். 1098 சிசி இஞ்சின், எஸ்யூ (SU) கொம்பனிக் காபரேற்றர். 90களில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராத காலத்தில், ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. விற்கிற எண்ணம் இல்லை, ஒழுங்காக ஓட வேண்டும்.

பிரச்சினை பெற்றோல் பம்பில். கார் வந்த காலத்து எஸ்யூ எலக்ட்றிக் பம்ப்தான் இன்னும் இருக்கிறது. திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். இப்போது சில காலைகளில் சத்தமே இல்லை. ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டினால் அடிக்கத் தொடங்கும். கண்டி வீதியில் கொஞ்சம் வேகமாகப் போனால் இஞ்சின் திணறுகிறது, கரையில் நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

கராஜில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் சதுரப் பெட்டி போன்ற 12 வோல்ற் பம்ப், அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). மற்றது, இஞ்செக்‌ஷன் காரில் இருந்து கழற்றிய பம்ப், அதற்கு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேற்றர் போட்டால் சரியாம். பலமான பம்ப் என்றால் திணறல் போய்விடும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பழைய வயர்மன்:
தம்பி, இஞ்செக்‌ஷன் பம்பை முதலில் மறந்துவிடுங்கள். அது 40 பிஎஸ்ஐ அளவில் தள்ளுகிற சாமான். உங்கள் எஸ்யூ பம்ப் தருவது ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ. இடையில் போடுகிற ரெகுலேற்றர் ஒருநாள் பிழைத்தால் போதும், காபரேற்றருக்குள் பெற்றோலை அளந்துவிடும் மிதவை அறையின் ஊசி வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெற்றோல் வழிந்து எங்கே போகும் என்று பொனற்றைத் திறந்து ஒருமுறை பாருங்கள். இந்த இஞ்சினில் காபரேற்றரும் எக்ஸோஸ்ற்றும் ஒரே பக்கம், எக்ஸோஸ்ற் மனிபோல்ட் நேரே கீழே. சூடான இரும்பில் பெற்றோல் சொட்டுவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

பலமான பம்ப் வேண்டும் என்பதும் தேவையில்லாத கதை. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறீர்கள், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் கொடுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 5 லீற்றர். அக்சிலேற்றரை முழுக்க மிதித்தாலும் இந்த இஞ்சின் 15 லீற்றரைச் சுற்றித்தான் கேட்கும். பெட்டியில் 100 லீற்றர் என்று போட்டிருந்தால் அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பம்ப் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பைப்பைக் காபரேற்றர் பக்கம் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, இஞ்சினை ஸ்ராற் பண்ணாமல் திறப்பை மட்டும் போடுங்கள். வெளியிடத்தில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, கிட்ட நெருப்பு இல்லாமல். அரை லீற்றர் இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் அது மணிக்கு 15 லீற்றர், போதும். நிறையாவிட்டால் டிக் சத்தத்தைக் கவனியுங்கள். வேகமாக அடித்தும் பெற்றோல் வராமல் குமிழி வந்தால், தாங்கியில் இருந்து பம்ப் வரைக்கும் எங்கோ காற்று இழுக்கிறது. மெதுவாக, கஷ்டப்பட்டு அடித்தால் இழுக்கும் வழியில் அடைப்பு. அடிக்கவே இல்லை, தட்டினால் அடிக்கிறது என்றால் அனேகமாக பம்புக்குள் மின்னைத் தொடுத்து வெட்டும் பொயின்ற் கருகிவிட்டது.

சுன்னாகம் ஏ40:
நான் என் ஒஸ்ரின் ஏ40இல் அந்தப் பெட்டி பம்ப்தான் போட்டேன், நன்றாகவே ஓடுகிறது. பழைய சாமானைக் கட்டி அழுவதை விட இது லேசு.

பழைய வயர்மன்:
உங்கள் ஏ40 வேறு கதை. அதில் கேம் தண்டு இயக்கும் மெக்கானிக்கல் பம்ப், ஸெனித் காபரேற்றர். அதற்கு 3 பிஎஸ்ஐ பெரிய விஷயம் இல்லை. (பழைய பம்பை இஞ்சினிலேயே விட்டு, பெற்றோலும் அதற்குள்ளால் போகிறது என்றால் தயவுசெய்து மாற்றுங்கள். டயபிறம் (பம்புக்குள் ஆடும் சவ்வு) கிழிந்தால் பெற்றோல் நேரே இஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். கழற்றி, தகட்டால் மூடிவிடுவது நல்லது.)

மைனர்காரர் பெட்டி பம்ப் வாங்கியே ஆக வேண்டும் என்றால் 1.5 முதல் 2.5 பிஎஸ்ஐக்குள் உள்ளதை வாங்க வேண்டும். பேசெற் போன்ற கொம்பனிகள் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரியான பம்பைப் பல அழுத்தங்களில் செய்கின்றன, இலக்கத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்த வகை இழுப்பதை விடத் தள்ளுவதில்தான் கெட்டி. ஆகவே பின்னால், தாங்கிக்குக் கிட்ட, தாழ்வாகப் பூட்ட வேண்டும். எஸ்யூ இருந்த இடத்தில், இஞ்சின் அறையில் பூட்டினால் அந்தத் திணறல் அப்படியே இருக்கலாம். பின்னால் பூட்டினால் கார் முழு நீளத்துக்கும் பைப் அழுத்தத்தில் இருக்கும். அதனால் பியூஸ் ஒன்று, இடிபட்டால் மின்னை வெட்டும் இனேர்ஷியா சுவிச் ஒன்று, இரண்டும் கட்டாயம்.

லண்டன் ட்ரவலர்:
ஒன்று யாரும் கேட்கவில்லை. உங்கள் பற்றரியில் எந்த முனை கார் பொடிக்கு (உலோக உடலுக்கு) எர்த்தாகப் போகிறது? மைனர் 1971இல் நிறுத்தப்படும் வரைக்கும் பொசிற்றிவ் எர்த்தாகத்தான் வந்தது. ஒல்ரனேற்றர் போட்டவர்கள் பலர் நெகற்றிவ்வுக்கு மாற்றியிருப்பார்கள். பொயின்ற் உள்ள பழைய எஸ்யூ இரண்டிலும் ஓடும். எலக்ட்றோனிக் எஸ்யூ அப்படி இல்லை, மாறிக் கொடுத்தால் அந்த இடத்திலேயே போய்விடும். பெட்டி பம்பும் அனேகமாக நெகற்றிவ் எர்த்துக்குச் செய்தது. நான் இங்கே எலக்ட்றோனிக் எஸ்யூ போட்டிருக்கிறேன், கார் நெகற்றிவ், ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இங்கே பெற்றோல் 2021இல் இருந்து ஈ10 (பத்து வீதம் வரை எதனோல் கலந்தது) என்பதால் றப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. உங்கள் காரில் அந்தச் சின்ன றப்பர் துண்டுகள் எத்தனை வயது? வெடிப்பு விழுந்த குழாய் பெற்றோலைக் கசியவிடாமலே காற்றை இழுக்கும்.

கொக்குவில் மைனர்:
அண்ணாமாருக்கு நன்றி. சோதித்துப் பார்த்தேன். பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகிறது. போத்தல் பாதிகூட நிறையவில்லை, டிக் சத்தமும் மெதுவாக இருந்தது.

பற்றரியைக் கழற்றிவிட்டு, பம்பின் அடியில் உள்ள பித்தளை மூடியைத் திறந்தேன். உள்ளே வலைப் பில்டர் வலையாகவே இல்லை. செம்மண் நிறத்தில் துருவும், கறுப்பாகப் பிசின் மாதிரி ஒன்றும் அப்பியிருந்தது. மண்ணெண்ணெய்க் காலத்துக் கசடாக இருக்கும். கழுவிப் போட்டேன். பிறகு மறு முனையில் உள்ள கறுப்பு மூடியைக் கழற்றினால் பொயின்றில் ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு. தடித்த கடதாசியை இடையில் வைத்து இழுத்துத் துடைத்தேன். இப்போது அரை லீற்றர் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே நிறைகிறது. நேற்று கிளிநொச்சி வரை போய் வந்தேன், திணறல் இல்லை.

அப்படியென்றால் புதுப் பம்ப் வேண்டாமா?

பழைய வயர்மன்:
இப்போதைக்கு வேண்டாம். ஆனால் குழி விழுந்த பொயின்ற் துடைத்தால் கொஞ்சக் காலம்தான் வரும். பொயின்ற் செற்றும் டயபிறமும் எடுத்துப் போடுங்கள். டயபிறம் கழற்றும்போது விளிம்பைச் சுற்றி 11 பித்தளை உருளைகள் இருக்கும், கீழே ஒரு துணியை விரித்துவிட்டுத் திறவுங்கள். புதியதை, ரொகிள் (பொயின்றைத் திறந்து மூடும் துள்ளு பகுதி) துள்ளி மாறாத வரைக்கும் உள்ளே திருகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, துள்ளத் தொடங்கியதும் அங்கிருந்து விளிம்பில் உள்ள திருகாணித் துளைகளில் இன்னும் நாலு துளை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று வெளியே எடுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல்தான் பலர் எஸ்யூவைக் குறை சொல்கிறார்கள்.

அந்தத் துரு தாங்கியில் இருந்துதான் வருகிறது. அடியில் உள்ள வடிகால் போல்ற்றைத் திறந்து தாங்கியைக் கழுவாவிட்டால் வலை மறுபடி அடைக்கும்.

லண்டன் ட்ரவலர்:
பொயின்ற் செற், டயபிறம் இரண்டும் இங்கே லேசாகக் கிடைக்கும். அடுத்த மாதம் ஒருவர் ஊருக்கு வருகிறார், கொடுத்துவிடுகிறேன். பம்பில் குத்தியிருக்கும், ஏயூஏ (AUA) என்று தொடங்கும் மாதிரி இலக்கத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

கொக்குவில் மைனர்:
ஏயூஏ 66 என்று இருக்கிறது அண்ணா. தாங்கியை ஞாயிறு இறக்குகிறேன். பித்தளை மூடிக்குப் பழைய நார் வாஷரையே போட்டேன், இலேசாக ஈரம் தெரிகிறது. சிலிக்கோன் பூசலாமா?

பழைய வயர்மன்:
வேண்டாம் தம்பி. பெற்றோலில் அது ஊறிக் கழன்று, துண்டு துண்டாகக் காபரேற்றருக்குள் போகும். புது நார் வாஷர் வாங்கிப் போடுங்கள். அதுவரைக்கும் காரை எடுக்காதீர்கள். போட்ட பிறகு திறப்பை மட்டும் திருப்பி, பம்ப் அடித்து நின்றதும் மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்ராற் பண்ணலாம்.