மாரியின்ஸ்கியில் ஒரு பெண் கடிதம் எழுதிய இரவு

நான் நேரில் பார்த்த முதல் ரஷ்ய ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், சைக்கோவ்ஸ்கி இசையமைத்த ‘யெவ்கேனி ஒனேகின்’. செயின்ட் பீட்டர்ஸ்பர்க், மாரியின்ஸ்கி ஓபரா நிலையத்தின் பழைய அரங்கம், மூன்றாவது அடுக்கில் ஓர் ஓர இருக்கை.

அதுவரை முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ ஒலிப்பதிவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தேன். அதனால் கோயில் மணி, முடிசூட்டு விழா, ஊரே திரண்டு பாடும் பாட்டு என்று மனத்தில் வைத்துக்கொண்டு போனேன். திரை விலகினால், தோட்டத்தில் ஓர் அம்மாவும் வயதான தாதியும் ஜாம் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்! வீட்டுக்குள்ளிருந்து மகள்கள் பாடும் குரல் வருகிறது. அதைக் கேட்ட அம்மாவுக்குத் தன் இளமை ஞாபகம் வர, நான்கு குரல்களும் பின்னிக்கொள்கின்றன. அங்கேயே என்னைப் பிடித்துவிட்டது.

அப்புறம் கடிதக் காட்சி. ராத்திரி, மகள்களில் ஒருத்தியான தத்யானா மட்டும் மேடையில், பன்னிரண்டு நிமிடம் போல. ஒனேகினுக்குக் காதல் கடிதம். எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். அவள் வாய் மூடிப் பேனாவை ஓட்டும்போது ஓபோ என்ற குழல் வாத்தியம் மெல்ல இறங்குகிறது, ஹார்ன் பதில் சொல்கிறது, ஹார்ப் சிதறுகிறது. மனத்தில் ஓடுவதெல்லாம் வாத்தியத்தில் கேட்கிறது. கடைசியில் விடிகிறது, வெளியே ஆட்டிடையன் குழல். அதுவும் ஓபோதான்.

பக்கத்தில் இருந்த பாட்டியின் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. இடைவேளையில் கேட்டேன். இந்தக் கதையைக் கவிதையில் எழுதியவர் புஷ்கின்; அவருடைய அந்தக் கடிதத்தைப் பாட்டி பள்ளியில் மனப்பாடம் செய்தாராம்.

அந்தக் காலத்தில் பாலகிரெவின் தலைமையில் இருந்த ‘ஐவர் குழு’ என்ற இசையமைப்பாளர்கள் கூட்டம் நாட்டுப்பாடலிலும் பழைய வரலாற்றிலும் ரஷ்யாவைத் தேடியது. சைக்கோவ்ஸ்கியோ இசையமைப்பாளர் அந்தோன் ரூபின்ஸ்டைன் 1862-ல் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய கன்செர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், படித்தவர். அதனாலேயே ‘மேற்கத்தியப் பாணிக்காரர்’ என்று ஒதுக்குவார்கள். அந்தப் பாட்டியைப் பார்த்தபின் எனக்கு அது ஒப்பவே இல்லை. ‘ஒனேகின்’ பெரிய காட்சிகளுக்காக எழுதப்பட்டதல்ல. ‘உணர்ச்சிக் காட்சிகள்’ என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார். 1879-ல் மாஸ்கோவில் முதலில் பாட வைத்ததும் அந்த ஊர் கன்செர்வேட்டரி மாணவர்களைத்தான். தத்யானாவுக்குப் பழுத்த குரலைவிட இளங்குரல்தான் பொருந்தும் என்று எனக்கும் தோன்றுகிறது.

சரி, ஒரு வேண்டுகோள். ரூபின்ஸ்டைனே எழுதிய ‘டெமன்’, 1875-ல் இதே மாரியின்ஸ்கி மேடையில்தான் அரங்கேறியது. ரஷ்யக் கவிஞர் லெர்மன்தவின் கவிதைதான் கதை. நான் ஒலிப்பதிவில் மட்டும் கேட்டிருக்கிறேன். யாராவது மேடையில் பார்த்திருந்தால் அவசியம் எழுதுங்கள்.