பாம்பன் பிள்ளைகளுக்குப் பழைய கம்ப்யூட்டர் தேவை

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு தொடங்குகிறோம். போனில் எல்லாரும் புலிதான். டவுன்லோட் ஆன ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கு என்றால் முழிக்கிறார்கள். ஆப் அதைக் காட்டுவதே இல்லை, பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

விண்ணப்பத்தில் ஜேபிஜி கேட்டால் பிடிஎஃப்-ஐ ரீநேம் செய்து ஏற்றுகிறார்கள். பெயர்தான் மாறும், சரக்கு மாறாது. பெயரின் கடைசியில் ஃபைல் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைப்பதால், அது உண்மையில் 'போட்டோ.ஜேபிஜி.பிடிஎஃப்' என்றே கிடக்கும். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் போடுவதுதான் முதல் பாடம்.

5 பழைய டெஸ்க்டாப் வேண்டும். 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. மானிட்டர் விஜிஏ என்றால் கேபிளோடு தாருங்கள். உப்புக்காற்றில் ரேம் பின் கறுத்து பீப் அடிக்கிற பெட்டியும் பரவாயில்லை. அழிரப்பரால் தேய்த்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். தேதி நிற்கவில்லையா, உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியை மாற்றிக்கொள்வோம். துருப்பிடித்த பவர் சப்ளை மட்டும் வேண்டாம், ஆபத்து.

அப்புறம், தமிழ்99 (தமிழ் கீபோர்டு முறை) தட்டச்சு சொல்லித்தர மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் யாராவது இருக்கீங்களா? மாதம் 2 ஞாயிறு, 2 மணி நேரம். கமெண்டில் சொல்லுங்க.