மூட் ஸ்டெபிலைசர்: சீராக்கியா, காப்பா?

> ‘மூட் ஸ்டெபிலைசர்’ மருந்துக்குத் தமிழில் ‘மனநிலைச் சீராக்கி’ ஏற்கெனவே புழங்குகிறதே. அதற்கு மேல் என்ன தேடுகிறீர்கள்?

அண்ணாச்சி, சீர் கெட்டால்தான் சீராக்க வேண்டும். என் தகராறு அங்கேதான். பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, மகனுக்கு எழுதிய லித்தியம் சீட்டோடு வந்தார்கள். பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய்க்குக் கொடுக்கிற மூட் ஸ்டெபிலைசர் அது. சீட்டின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே, “பையன் இப்ப நல்லாத்தான் இருக்கான், வேலைக்கும் போறான். நல்லா இருக்கிற மனசை என்னத்தைச் சீராக்க?” என்றார்கள். ‘மூட் மாத்திரை’ என்று சொல்லிப் பார்த்தேன். “எதை மூட?” என்று கேட்டுவிட்டார்கள்.

அவர்கள் கேட்டதுதான் இந்த மருந்தின் வரலாறே. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் 1949-இல் லித்தியம் பற்றி எழுதியபோது, பித்துநிலையில் (மேனியா) கொதித்துக்கொண்டிருந்த 10 பேரை அது தணித்தது என்பதே செய்தி. அதோடு நின்றிருந்தால் ‘தணிப்பி’ போதும். டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ அதை வேறு பக்கம் கொண்டுபோனார். அவரும் சக மருத்துவர் பாஸ்ட்ருப்பும் 1967-இல் வெளியிட்ட ஆய்வு 88 நோயாளிகளைப் பற்றியது. நோய் தணிந்தபின்னும் லித்தியத்தை விடாமல் சாப்பிட்டால் பித்தும் சோர்வும் திரும்பி வருவது குறைகிறது என்றார்கள். லண்டனில் இரண்டு பேர் மறு ஆண்டே ‘இது இன்னொரு கட்டுக்கதையா?’ என்று எழுதினார்கள். சரி, சோதித்தே பார்ப்போம் என்று, டென்மார்க்காரர்கள் லித்தியத்தால் நிலையாக இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அவர்களுக்கே தெரியாமல் மருந்தில்லாத வெற்று மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். 1970-இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரைக்காரர்களில் பாதிக்கு மேல் நோய் திரும்பியது, லித்தியம் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

ஸ்கௌவும் நம்மைப் போலப் பெயர் தேடியவர்தான். 1963-இல் ‘நார்மோதைமிக்’ (மனநிலையை இயல்பாக்குவது) என்று ஒரு சொல்லை முன்வைத்தார். அது எடுபடவில்லை.

முதலில் ‘கலிங்கு’ நினைவுக்கு வந்தது. குளம் நிறைந்தால் மிஞ்சிய நீரை மறுகால் பாய விடுவது. ஆனால் கலிங்குக்கு வெள்ளம்தான் தெரியும், வறட்சி தெரியாது. லித்தியம் இரண்டு பக்கமும் பார்க்கிறது. பாபநாசம் அணை அப்படித்தான்: மழையில் பிடித்துவைத்து, கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் திறந்துவிடும். ஆனால் ‘மன அணை’ என்றால் விளக்கை அணைப்பதுபோல் ஆகிவிடும். இந்த மருந்து மனசை மந்தமாக்கிவிட்டது என்று சொல்பவர்கள் ஏற்கெனவே உண்டு. நாமே பெயரிலும் ஏற்றிவிட வேண்டாம்.

என் முன்மொழிவு: மனநிலைக் காப்பு மருந்து. ‘தடுப்பு மருந்து’ என்றால் ஊசி போட்டால் ஆயிற்று என்று நினைப்பார்கள். சுருக்குகிறேன் என்று யாரும் ‘நிலைகாப்பி’ ஆக்காதீர்கள், டிகிரியா ஃபில்டரா என்று கேட்பார்கள்.

—

> என் முன்மொழிவு: மனநிலைக் காப்பு மருந்து

தம்பி, காப்பு நல்ல சொல்தான். ஆனால் குலசேகரப்பட்டினம் தசராவுக்குக் காப்பு கட்டுகிறவர்கள் திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்களே! நீங்கள் சொன்ன 1970 ஆய்வே அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதுதான். சொல் அந்த ஆபத்தையும் சேர்த்துக் கூப்பிடுகிறதே?

—

அண்ணாச்சி, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். ஆனாலும் காப்புக் கட்டியவர் சும்மா இருப்பதில்லை, விரதம் உண்டு. இந்த மருந்துக்கும் அது உண்டு. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு குறைந்தால் பயனில்லை, கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. நம் சித்திரை வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலோ, டாக்டரைக் கேட்காமல் சில வலி மாத்திரைகளைப் போட்டாலோ அளவு ஏறிவிடும். ‘சீராக்கி’ என்ற சொல்லில் இந்தப் பத்தியம் எதுவும் இல்லை. சீராக்கிவிட்டு அது போய்விடுகிறது.

‘தொடர்காப்பு’ என்று நீட்டலாமா என்றும் பார்த்தேன். காப்பீட்டுக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை மறுபடி வருவார்கள். மாத்திரைக் கவரில் ‘மனநிலைக் காப்பு மருந்து’ என்று எழுதி, கீழே ‘டாக்டர் சொல்லாமல் அவிழ்க்கக் கூடாது’ என்று சேர்க்கப் போகிறேன். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறேன்.