சந்தாவை நிறுத்தினா லைட் டைமிங்கையே பூட்டிடுறான், ஹைட்ரோபோனிக் டவர் வச்சிருக்கறவங்க உதவுங்க

மிச்சிகன்_கீரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது டெட்ராய்ட் பக்கம், குளிர்காலத்துல வெளிய ஒண்ணும் வளராது, கடைல வாங்குற கொத்தமல்லி ரெண்டே நாள்ல கொழகொழன்னு ஆயிடுதுன்னுதான் போன வருஷம் மண்ணில்லாம உரத் தண்ணிலயே 20 செடி வளக்கற ஹைட்ரோபோனிக் டவர் ஒண்ணு வாங்கினேன், மாசம் 25 டாலர் சந்தா தனி. ரெண்டு மாசம் முன்னாடி சந்தாவை நிறுத்தினேன், அன்னிக்கே ஆப்ல லைட், பம்பு டைமிங் மாத்துற பக்கம் பூட்டிக்கிச்சு. போன வாரம் நாங்க ஊர்ல இல்லாதப்ப வைஃபை போயிருக்கு, பம்பும் அதோட நின்னுடுச்சு, வந்து பாத்தா வெந்தயக்கீரை மொத்தமும் தலை சாஞ்சு கிடக்கு, வேரைத் தொட்டா நூல் மாதிரி பொடியுது. என் பொண்ணு அவ கையால விதை போட்டது. கம்பெனில கேட்டா திரும்ப சந்தா கட்டுங்கங்கறான். சாமான் நம்மது, கரண்டு நம்மது, தண்ணி நம்மது, எப்ப லைட் எரியணும்னு அவன் சர்வர் சொல்லணுமா? மனசே ஆறலங்க.

வேர்வாசம்:
படிக்கவே கஷ்டமா இருக்குங்க. முதல்ல லைட்டுக்கும் பம்புக்கும் தனித்தனி அடாப்டர் இருக்கான்னு பாருங்க. இருந்தா கன்ட்ரோல் பெட்டியை விட்டுட்டு கடைல கிடைக்கிற சாதா மெக்கானிக்கல் டைமர் ரெண்டு வாங்கி மாட்டிடுங்க, பம்பு 15 நிமிஷம் ஓடி 45 நிமிஷம் நிக்கட்டும். ஒரே போர்டுல ஒயர் போகுதுன்னா கை வைக்காதீங்க, தண்ணி பக்கத்துல வேண்டாம். அப்புறம் கொத்தமல்லிக்கு 16 மணி நேரம் லைட் விட்டா சீக்கிரமே பூத்துடும், 12 போதும். அவங்க உரப் பாட்டிலும் தேவையில்ல: ஒரு காலன் தண்ணிக்கு மாஸ்டர்பிளெண்ட்ங்கற உரப் பொடி 2.4 கிராம், எப்சம் உப்பு 1.2, கடைசியா கால்சியம் நைட்ரேட் 2.4. ஒண்ணு நல்லா கரைஞ்சப்புறம்தான் அடுத்தது, கெட்டியா ஒண்ணா கலந்தா வெள்ளையா அடில படிஞ்சிடும், செடிக்குப் போகாது. கரைசலோட பிஎச், அதாவது புளிப்பு அளவு, 5.5லேருந்து 6.5க்குள்ள வச்சுக்கோங்க.

மாடித்தோட்டக்காரி:
இனிமே வாங்கறவங்களுக்கும் சொல்றேன், வைஃபையை அணைச்சா லைட்டும் பம்பும் ஓடுமான்னு கேட்டுட்டு வாங்குங்க. வீட்டுக்குள்ள செடி வளக்கற மெஷின் விக்கற ஏரோகார்டன் எவ்ளோ பெரிய பேரு, 2025 ஜனவரி 1ஓட மூடறோம்னு 2024 கடைசில அறிவிச்சப்ப வச்சிருந்தவங்கல்லாம் ஆப் என்ன ஆகுமோ, அதுல வைக்கற விதைக் குப்பி (பாட்) எங்க வாங்கறதுன்னு தவிச்சுப் போனாங்க. எனக்கு மெஷினே வேண்டாம்னு ஆயிடுச்சு, ஹவாய் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் க்ராட்கி சொன்ன முறைலதான் லெட்யூஸ் வளக்கறேன், மூடி போட்ட டப்பா, உரக் கரைசல், அவ்ளோதான், பம்பே கிடையாது. தண்ணி இறங்க இறங்க மேல இருக்கற வேரு காத்தை எடுத்துக்கும். டப்பாவுக்குள்ள வெளிச்சம் மட்டும் போகக் கூடாது, பாசி வந்துடும்.

மிச்சிகன்_கீரை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இப்பதான் டார்ச் அடிச்சு பின்னாடி பாத்தேன், அடாப்டர் ரெண்டும் தனித்தனியாதான் இருக்கு! டைமர் ஆர்டர் போட்டாச்சு. கால்சியம் நைட்ரேட் எவ்ளோ வாங்கலாம்? டேங்க் 5 காலன்.

வேர்வாசம்:
2 பவுண்டு பாக்கெட் போதும்ங்க. ஒரு டேங்குக்கு 12 கிராம்தான், 75 தடவை வரும். காத்து படாம இறுக்கி மூடி வைங்க, ஈரம் இழுத்து கட்டியாயிடும்.