சந்தையில் வாங்கிய விடைக்கோழிகளைப் பழைய கோழிகள் சேர்க்க மறுக்கின்றன, உதவுங்கள்

கன்னங்குறிச்சி (கேள்வி)

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்சம் இடத்தில் மூன்று வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறோம். ஐந்து பெட்டை, ஒரு சேவல். முட்டை வீட்டுக்கு மட்டும்தான், விற்பதில்லை. இரண்டு பெட்டைக்கு வயதாகி முட்டை குறைந்துவிட்டதால், போன சனிக்கிழமை ஒரு வாரச் சந்தையில் மூன்று விடைக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை) வாங்கினோம். ஐந்து மாதம் ஆனது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே மற்றவற்றோடு விட்டுவிட்டோம்.

மறுநாள் காலையில் கூண்டைத் திறந்ததும் எங்கள் பழைய பெட்டை செவலை, புதியவற்றில் ஒன்றைத் துரத்திப் பிடித்து, கொண்டையைக் கவ்வி இழுத்தது. ரத்தம் வந்துவிட்டது. மூன்றும் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் ஒடுங்கி நிற்கின்றன. தீவனம் வைத்தால் பக்கத்தில் வரவே பயப்படுகின்றன. சேவல் ஒன்றும் செய்வதில்லை, பெட்டைகள்தான் இப்படி. அம்மா வீட்டில் புதுக்கோழி வந்தால் காலில் துணிக்கயிறு கட்டி இரண்டு நாள் வைத்திருந்து அவிழ்த்துவிடுவார்கள், இப்படிச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டிருக்கிறேன். ஒரு கோழி லேசாகத் தும்முகிறது, வந்த களைப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். சண்டையை எப்படி நிறுத்துவது?

ஓமலூர்

எல்லாவற்றையும் இப்போதைக்குப் பிரித்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகு புதுசுகளைத் தூக்கிப் பழைய கோழிகளுக்கு நடுவே பரணில் உட்கார வையுங்கள் அக்கா. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை போடாது. காலையில் எழும்போது பக்கத்திலேயே இருந்தால் பாதி கோபம் குறைந்துவிடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

நாகலூர், ஏற்காடு

ஓமலூர் தம்பி சொல்வது நல்ல வழிதான், ஆனால் இன்றைக்கு அதைச் செய்ய வேண்டாம். உங்கள் கேள்வி முழுக்கச் சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், தும்மலைப் பற்றி ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. கொத்துப்பட்ட கொண்டை பத்து நாளில் ஆறிவிடும்.

தும்முகிற கோழியை ராத்திரியில் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண் ஓரத்தில் நுரை இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே முகம் வீங்கியிருக்கிறதா, மூக்கருகே முகர்ந்தால் நாற்றம் வருகிறதா, நெஞ்சைக் காதோடு வைத்தால் சத்தம் கேட்கிறதா. எச்சம் என்ன நிறம் என்பதையும் பாருங்கள். எல்லாம் ஒரே தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கின்றனவா?

கன்னங்குறிச்சி

இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன் அக்கா. சாம்பல் நிறக் கோழிதான். இடது கண் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குட்டிக் குட்டிக் குமிழ்கள். துடைத்தேன், கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. மூக்குத் துளையில் தவிட்டுத் தூள் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. காதில் வைத்தால் மூச்சு இழுக்கும்போது 'கர்ர்' என்று கேட்கிறது. முகம் வீங்கவில்லை, நாற்றமும் இல்லை. எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளையோடு சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆமாம், எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. நான் தப்பு செய்துவிட்டேனா?

நாகலூர், ஏற்காடு

முதன்முறை கோழி வாங்கிச் சேர்க்கிற எல்லாரும் செய்வதுதான். நானும் செய்தேன். ஒரு மார்கழியில் இரண்டு பெட்டை வாங்கி வந்து அன்றைக்கே கூண்டில் விட்டேன். மலையில் அப்போது காலை பத்து மணி வரைக்கும் மூடுபனி, கூண்டுக்குள் உமி ஈரமாகவே கிடந்தது. பன்னிரண்டு நாளில் ஒன்பது கோழி போய்விட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. வெள்ளைக்கழிச்சல். வாங்கி வந்த இரண்டும் அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தன, அதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போதே மூன்றையும் தனியாக எடுத்துவிடுங்கள். தும்மாத இரண்டையும் சேர்த்துத்தான். பழைய கூண்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, காற்று இவற்றின் பக்கமிருந்து பழையவற்றின் பக்கம் அடிக்காத மூலையாகப் பார்த்து வையுங்கள். தண்ணீர், தீவனப் பாத்திரம் எல்லாம் வேறு. தினமும் முதலில் பழைய கோழிகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். அங்கே போட ஒரு பழைய செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இரண்டு நாள் ஒன்றாக இருந்துவிட்டதால் பழைய ஆறையும் தினம் கவனிக்க வேண்டும். நாளைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.

ஆத்தூர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

நாகலூர் அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார். கண்ணில் நுரை, மூச்சில் கரகரப்பு, வீக்கமும் நாற்றமும் இல்லை என்றால் மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம். முகம் வீங்கி, மூக்குநீர் நாறினால் கொரைசா என்கிற வேறொரு நோயை நினைக்க வேண்டும். நேரில் பார்க்காமல் மருந்துப் பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை, டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும். கடையில் நீங்களாக மருந்து வாங்கிக் கலக்காதீர்கள். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பிறகு டாக்டர் சொல்லும் நாள் வரைக்கும் முட்டையைச் சாப்பிடக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். இந்த மைக்கோபிளாஸ்மா நோய் வந்து தேறிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். இடமாற்றம், மழை, குளிர் என்று உடம்பு தளரும்போது மறுபடி தும்மும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அதனால் அந்தச் சாம்பல் கோழியின் முட்டையை அடை வைக்க வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு உங்கள் பழைய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? குஞ்சில் ஏழாம் நாள் லசோட்டா சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஆர்2பி ஊசி. சந்தைக் கோழிக்குப் போட்டார்களா என்று யாருக்கும் தெரியாது, போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயில் இருக்கும்போது போடக் கூடாது. தேறிய பிறகு போட்டு, எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் விட்டு, அப்புறம் சேருங்கள். பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துவார்கள், அதையும் விடாதீர்கள்.

கன்னங்குறிச்சி

நான்காம் நாள். டாக்டர் தண்ணீரில் கலக்க ஐந்து நாளைக்குப் பொடி கொடுத்தார். நேற்று எங்கள் கருப்பியும் இரண்டு தடவை தும்மியதால் எல்லாவற்றுக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டார். சாம்பலுக்கு நுரை குறைந்திருக்கிறது. மூன்றையும் பழைய குளியலறையில் உமி பரப்பி வைத்திருக்கிறேன். பயம் தெளிந்து கையிலிருந்தே கம்பு பொறுக்குகின்றன.

எல்லாம் சரியான பிறகு எப்படிச் சேர்ப்பது? மூன்றில் ஒன்றை மட்டும் முதலில் விட்டுப் பார்க்கலாமா?

நாகலூர், ஏற்காடு

ஒன்றை மட்டும் விடவே விடாதீர்கள். எல்லாக் கொத்தும் அந்த ஒன்றின் தலையில்தான் விழும். மூன்றும் சேர்ந்து போனால் அடி பங்காகிவிடும், ஒன்றுக்கொன்று துணையும் இருக்கும்.

கடைசித் தும்மலிலிருந்து குறைந்தது மூன்று வாரம் கழியட்டும். அதன் பிறகு பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே கம்பி வலை கட்டி ஒரு மூலையை மறித்து, மூன்றையும் உள்ளே விடுங்கள். வலை இல்லையென்றால் பகலில் பெரிய பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கலாம், நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டினாற்போலத் தீவனம் வையுங்கள். முதல் நாள் செவலை வந்து வலையைக் கொத்தும், கழுத்து முடியைச் சிலிர்க்கும். நான்கைந்து நாளில் சலித்துப்போய்த் தன் பாட்டுக்கு மேயும். உங்கள் அம்மா வீட்டில் காலில் கயிறு கட்டி வைத்ததும் இதற்காகத்தான், பழைய கோழிகள் தினம் பார்த்துப் பழகட்டும் என்று.

ஒரு வாரம் போனதும் சாயங்காலம் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வலையைத் திறந்துவிடுங்கள். சண்டை வந்தாலும் இருட்டு வந்து நிறுத்திவிடும். அன்று ஓமலூர் தம்பி சொன்னபடி பரணில் வைக்கலாம். மறுநாள் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அது முக்கியம். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில், ஒன்றுக்கொன்று கண்ணில் படாத மாதிரி வையுங்கள். ஓடி ஒளிய ஒரு சாய்த்த பலகை, தென்னை மட்டை, காலிக் கூடை ஏதாவது கிடக்கட்டும். மூலைமுடுக்கில் மாட்டிக்கொள்கிற கோழிதான் அதிகம் அடிபடும்.

துரத்துவது, ஒரு கொத்து கொத்திவிட்டு விலகுவது எல்லாம் இருக்கும், குறுக்கே போகாதீர்கள். கீழே தள்ளி மேலே ஏறி நின்று விடாமல் கொத்தினாலோ, ரத்தம் வந்தாலோ உடனே பிரியுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

ஆத்தூர், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்

செவலை அடங்கவில்லை என்றால் புதியவற்றைப் பிரிக்காமல் செவலையை நான்கு நாள் தனியாக அடையுங்கள். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்த நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1920களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். செவலை இல்லாத நாட்களில் மற்றவை தங்களுக்குள் வரிசையை மாற்றிக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுவும் ஒரு புது ஆளாகத்தான் வரும்.

முட்டைக் கோழித் தீவனம் போடுகிறீர்களா? முட்டை தொடங்காத விடைக்கு அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி தேவைக்குத் தானே பொறுக்கிக்கொள்ளும்.

ஓமலூர்

அடுத்த தடவை வாங்கும்போது விலை பேசுவதற்கு முன்னால் கையில் வாங்கிப் பாருங்கள் அக்கா. கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அப்பாவோடு சின்ன வயதிலிருந்து போகிறேன், அவர் சொல்லிக் கொடுத்தது. நெஞ்செலும்பைத் தடவினால் கத்தி முனை மாதிரி துருத்தக் கூடாது, இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பின் பின்நுனியை அழுத்தினால் வளைந்து கொடுத்தால் இளசு. கால் செதில் வழவழவென்று படிந்திருக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பூச்சி. பின்புற இறகை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள், வெள்ளையாக மாவு உருட்டி ஒட்டியது போல் இருந்தால் பேன் முட்டை. இதெல்லாம் முடிந்து ஒரு நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டு மூச்சைக் கேளுங்கள். சந்தைச் சத்தத்தில் கேட்காது, கொஞ்சம் ஓரமாகப் போய்க் கேட்க வேண்டும்.

முடிந்தவரை தெரிந்த வீட்டில் வாங்குவது மேல். உங்களிடம் இருக்கும் கோழியின் உடல்வாகுக்குச் சமமாகவும் பாருங்கள். சிறிய உடல்வாகுள்ள சிறுவிடை இனக் கூட்டத்தில் வனராஜா மாதிரி கனத்த கோழியை விட்டால் தீவனத் தட்டில் அதுதான் நிற்கும்.

கன்னங்குறிச்சி

ஏழாவது வாரம். தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். கருப்பி உட்பட எல்லாம் தேறிவிட்டன. தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் விட்டு, எட்டு நாள் வலை கட்டி வைத்து, போன வெள்ளிக்கிழமை திறந்தேன். செவலை முதல் நாளே ஒன்றைக் கீழே தள்ளியது. ஐயா சொன்னபடி குளியலறையில் நான்கு நாள் அடைத்தேன். வெளியே விட்டதும் நேராகத் தட்டுக்குப் போனது, கருப்பி ஒரு கொத்து வைத்தது, விலகி நின்றுவிட்டது.

சாம்பல் மட்டும் இன்னும் பரணில் ஏறுவதில்லை, கீழே மூலையில்தான் படுக்கிறது. நேற்று ராத்திரி தூக்கி வைத்தேன். பக்கத்தில் இருந்தது எங்கள் பழைய கிழட்டுக் கோழி. இறக்கையைக் கொஞ்சம் தூக்கி இடம் கொடுத்தது. காலையில் அந்தப் பரணுக்குக் கீழே உமியில் சின்னதாக ஒரு முட்டை, ஓட்டில் லேசாக ரத்தக் கோடு. மூன்றில் எது இட்டது என்று தெரியவில்லை. சாம்பலுடையதாகவும் இருக்கலாம் என்பதால் அடைக்கு ஒதுக்கவில்லை.